முத்திரை விழாத லீக்ஸ்

தோர்ன்லா, நார்தம்பர்லாந்து
5 செப்டம்பர் 1982, ஞாயிறு

அன்புள்ள லென் அண்ணனுக்கு,

தம்பி மால்கம் எழுதுவது. அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ எதை நினைப்பாய் என்று தெரியும், அதனால் அதை முதலில் சொல்லிவிட்டேன். மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார். நேற்று ஊர் முழுக்க நடந்தே சுற்றினார். ஆனால் நேற்று மாலையிலிருந்து என்னோடு பேசவில்லை. ஹாம்பர்க்கில் நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். கட்டடச் சாரத்தில் ஏறும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொள். கட்டமாட்டாய், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. போட்டிக்கு வைத்திருந்த அம்மாவின் லீக்ஸ் செடிகளை நான் கொன்றுவிட்டேன். பன்னிரண்டையும். கொன்றதை அப்பாவிடம் மறைத்தேன். அவர் கண்டுபிடித்துவிட்டார். இனிமேல் எழுதப்போவதெல்லாம் இதன் விளக்கம்தான்.

போன வருஷக் கடைசியில் அம்மா அடுப்படி மேசையில் உட்கார்ந்து, காய்ந்த பூத்தலையிலிருந்து புல் மாதிரி முளைத்த குருத்துகளைக் கிள்ளிக் கிள்ளித் தட்டில் ஊன்றியது உனக்கு நினைவிருக்கும். விதை போட்டால் வகை மாறிவிடும், குருத்து நட்டால் தாய் அப்படியே வரும் என்பாள். பிப்ரவரியில் அவளை அடக்கம் செய்தோம். நீ வரவில்லை. அதைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன், எழுதிவிட்டேன். அவள் போன பிறகு அப்பா அந்தத் தட்டுகளைத் தவிர வீட்டில் வேறு எதையும் பார்க்கவில்லை. ஏப்ரல் முதல் வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நியூகாசிலில் ஆஸ்பத்திரி, அறுவை சிகிச்சை, பிறகு கடற்கரையில் ஓய்வு இல்லம். ஜூலையில்தான் வீடு திரும்பினார். அதுவரை தோட்டம் என் பொறுப்பு.

நம் ஊரில் மே பாதி தாண்டாமல் யாரும் லீக்ஸை மண்ணில் இறக்குவதில்லை. எனக்கு அது வெறும் பழக்கமாகத்தான் தெரிந்தது. எங்கள் விவசாயக் கல்லூரி மண் பரிசோதனைக் கூடத்திலிருந்து வெப்பமானி கொண்டுவந்து பாத்தியில் குத்திப் பார்த்தேன். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே மண் பன்னிரண்டு டிகிரி காட்டியது. நமக்குக் கிடைப்பதே குட்டைக் கோடை, அதில் நாலு வாரத்தைச் சும்மா எதற்கு விடவேண்டும்? ஏப்ரல் பதினேழாம் தேதியே இறக்கிவிட்டேன். மதில் மேல் எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டு செப் டுல்லி, "என்னடா இஞ்சினியரு, இப்பவே எறக்கிட்ட? மே முடியற வரைக்கும் நாங்க உள்பனியனையே கழட்டமாட்டோம்டா!" என்றார். உங்கள் பனியனைப் பற்றி மண் கவலைப்படாது என்றேன். அவர் மனைவிகூடச் சிரித்தாள்.

மிச்ச நாற்றை வழக்கப்படி காலால் மிதித்து நசுக்கினேன். நம் வகை அடுத்தவன் கைக்குப் போகக்கூடாது என்று இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதானே. அம்மாவும் செய்வாள். செப் முப்பது வருஷம் கெஞ்சியும் அவள் அவருக்கு ஒரு நாற்று கொடுத்ததில்லை. நானும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

இருபதாம் தேதி வடகாற்று திரும்பியது. மூன்று வாரம். கூரையைக் கிழித்துக்கொண்டு போனது. பகலிலேயே ஏழு டிகிரி. செடி சாகவில்லை, பச்சையாகத்தான் நின்றது. ஆஸ்பத்திரியில் அப்பா என்னைப் பார்த்ததும் கேட்டது, "எறக்கிட்டியா?" என்றுதான். ஜோராக நிற்கிறது என்றேன். அன்றைக்கு அது உண்மை. ஜூன் இரண்டாம் வாரம் தண்டை விரலால் அழுத்திப் பார்த்தேன், நடுவில் பென்சில் மாதிரிக் கெட்டியாக ஒன்று தட்டியது. பூத்தண்டு. வெங்காயச் சாதியான லீக்ஸுக்கு நாள்காட்டி தெரியாது, குளிரைத்தான் எண்ணும். மூன்று வாரக் குளிரை ஒரு முழுக் குளிர்காலம் என்று எண்ணிக்கொண்டு பூக்கக் கிளம்பிவிட்டது. பூத்தண்டு விட்ட செடி பருக்காது, போட்டி மேசையில் அதற்கு இடமும் கிடையாது. இதைப் பரீட்சையில் எழுதி முதல் மார்க் வாங்கியவன் நான்.

மறுநாள் இல்லத்துக்குப் போனேன். அப்பா அதே கேள்வியைக் கேட்டார். ஜோராக நிற்கிறது என்று அதே பதிலைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு செய்தது இன்னும் மோசம். நாற்பது மைல் தெற்கே ஒருவர் வாளிகளில் லீக்ஸ் வளர்த்து விற்கிறார் என்று கேள்விப்பட்டு, கல்லூரி வேனில் போய்ப் பன்னிரண்டு வாங்கிவந்தேன். அம்மாவுடையதைப் பிடுங்கிக் கல்லூரி எரு வண்டியில் ஏற்றினேன். வாங்கிவந்ததை அதே குழிகளில் நட்டேன். ஒன்றே ஒன்றைப் பூக்க விட்டிருந்தால், அதன் தலையிலிருந்து அதே குருத்து திரும்பக் கிடைத்திருக்கும். அதுவும் எனக்குத் தெரியும், அண்ணா. ஆனால் அந்த நேரத்தில் நான் செடியைப் பார்க்கவில்லை. அப்பா வருவதற்குள் தடயம் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் பார்த்தேன்.

ஜூலையில் அப்பா வந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே பாத்திக்குப் போனார். ரொம்ப நேரம் நின்றார். "நல்லாத்தான் நிக்குது" என்றார். எனக்கு உயிர் வந்தது. இரண்டு மாதம் அவரே தண்ணீர் ஊற்றினார், அவரே இலையைத் துடைத்தார், நத்தை பொறுக்கினார். ஒவ்வொன்றும் என் தொடை அளவு பருத்தது. ஊரில் யாரிடமும் இந்த வருஷம் அப்படி இல்லை.

நேற்று முத்திரை நாள். போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கிறது, அதற்குள் யாரும் வேறு செடியைக் கொண்டுவந்து மாற்றிவிடக்கூடாது என்றுதானே இந்த முத்திரை. கமிட்டித் தலைவர் என்பதால் அப்பாதான் முத்திரையைப் புகையிலை டப்பியில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார், பின்னால் செப்பும் பொருளாளர் ரால்ஃபும். நானும் உதவிக்கு என்ற சாக்கில் கூடப் போனேன், அவர் விழுந்துவிட்டால் பிடிக்க ஆள் வேண்டுமே. பதினொரு தோட்டம். ஒவ்வொருவர் வீட்டிலும் இது நீ வளர்த்ததுதானா என்று கேட்டு, இலையில் மை வைத்தார்கள். கடைசியில் நம் தோட்டம். தன் செடிக்குத் தானே வைக்கக்கூடாது என்பதால் நம்முடையதில் செப் வைக்கவேண்டும். அவர் பாத்தியைப் பார்த்து, "யோவ் வில்ஃபு, இதென்ன லீக்ஸா, சர்ச்சுத் தூணா? ஒன் பொண்டாட்டி மேல இருந்து உரம் அனுப்புறாளாய்யா?" என்று சிரித்துக்கொண்டே முத்திரையைக் கேட்டார்.

அப்பா டப்பியைத் திறக்கவில்லை. "வேணாம் செப்பு. இது என்னுது இல்ல" என்றார்.

செப், "வெளையாடாதய்யா, மை காயுது" என்றார். அப்பா, "என் ஐரீனோட செடியில இலை மடிஞ்சு தரையத் தொடும். இது சிப்பாய் மாதிரி வெறச்சு நிக்குது. எவனோ வளத்தது. எழுதிக்க, வில்ஃப் ஹெட்லி இந்த வருஷம் போட்டிக்கு இல்ல" என்றார். டப்பியை செப் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ரால்ஃப் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கவேண்டிய இடம் அதுதான்.

உள்ளே போனதும் எல்லாவற்றையும் கொட்டினேன். வெப்பமானி, வடகாற்று, வேன், எல்லாம். அவர் கெட்டிலில் தண்ணீர் வைத்தார். எப்போது தெரிந்தது என்று கேட்டேன். "வந்த அன்னைக்கே" என்றார். பிறகு ஏன் இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். கத்திவிட்டேன் என்றே சொல்லவேண்டும். "நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன்டா. செடி என்ன பாவம் பண்ணுச்சு" என்றார்.

"அவ கைபட்டது ஒண்ணாவது மிச்சம் வச்சியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தலையாட்டினார். தேநீரை எனக்கும் ஊற்றி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

இன்று காலையிலேயே தொழிலாளர் மன்றத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. வில்ஃப் வெளியூர் லீக்ஸ் வாங்கி நட்டான், மாட்டிக்கொள்வோம் என்று கடைசி நேரத்தில் பின்வாங்கினான் என்கிறார்கள். யார் நட்டது என்று அப்பா ஒருவரிடமும் சொல்லவில்லை. முப்பது வருஷம் அடுத்தவன் பாத்தியில் குற்றம் பார்த்த மனிதர், இப்போது தெருவில் தலைகுனிந்து நடக்கப்போகிறார். வியாழக்கிழமை கமிட்டி கூடுகிறது. நான் போய் எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறேன். பாட்டில் பறக்கலாம், பறக்கட்டும். அவர்மேல் விழுந்த பழியை அதனால் நீக்கிவிடலாம். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் ஆகாது.

அதற்குத்தான் உனக்கு எழுதுகிறேன். இன்று மத்தியானம் அம்மாவின் நோட்டைப் புரட்டினேன். எத்தனை குருத்து, எந்தத் தட்டு என்று எழுதியிருக்கிறாள். கடைசி வரி ஜனவரி ஏழாம் தேதி, நீ கப்பல் ஏறிய நாள்: "லென்னுக்கு மூன்று, ஜாடியில். சூப்புக்கு என்று சொல்லிக் கொடுத்தேன், இல்லாவிட்டால் வாங்கமாட்டான்." ஊரில் ஒருவருக்கும் கொடுக்காதவள் உனக்குக் கொடுத்திருக்கிறாள். எனக்குக்கூட இது தெரியாது.

அண்ணா, அந்த ஜாடியை என்ன செய்தாய்? எங்காவது மண்ணில் வைத்தாயா? நீ தங்கியிருக்கும் குடிசை வாசலில், பெயின்ட் டப்பாவில், எதிலாவது? வைத்திருந்தால் இன்றைக்குச் சுண்டுவிரல் கனமாவது இருக்கும், அது போதும். பூத்தண்டு விட்டிருந்தால் இன்னும் நல்லது, தலையை வெட்டாதே. சும்மா பிடுங்கவும் செய்யாதே. சுற்றிலும் ஒரு சாண் தள்ளித் தோண்டு, வேரோடு மண்ணைச் சாக்கில் கட்டு, ஈரம் காயாமல் பார், ஆனால் தண்ணீர் தேங்கவிடாதே. தபாலில் அனுப்பவே அனுப்பாதே. நாலு நாள் இருட்டில் அழுகிவிடும், போதாக்குறைக்குத் துறைமுகத்தில் பிரித்துக் குப்பையில் போடுவார்கள். ஒரு ஆள் மடியில் வைத்துக்கொண்டு வரவேண்டும். ஹாம்பர்க்கிலிருந்து நேரடிக் கப்பல் இருக்கிறதாம், விசாரித்தேன். சுங்கத்தில் கேட்டால் சூப்புக்கு என்று சொல்.

அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. இன்னொரு முறை பொய்யாகப் போனால் அவர் தாங்கமாட்டார். அவர் சாயங்காலம் பாத்திக்குப் போகவில்லை, இன்று நான்தான் தண்ணீர் ஊற்றினேன். உன் அறை அப்படியே இருக்கிறது. ஜன்னல் தாழ்ப்பாளைச் சரிசெய்துவிட்டேன்.

செடி செத்துப்போயிருந்தால், அல்லது என்றைக்கோ நீ அதைச் சூப்பில் போட்டுக் குடித்திருந்தால், அதைக் கடிதத்தில் எழுதாதே. அதையும் நேரில் வந்து சொல்.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

உன் தம்பி,
மால்கம்