மாட்டுக் கொட்டகையில் இரண்டு சீமைக் கார்

செப்டம்பர் 12
கொட்டகை என்னுடையது. உள்ளே நிற்பது இரண்டு பழைய சீமைக் கார். சினைப் பசு வெளியே வேப்பமரத்தடியில். நான் பெற்ற வினோத்குமார் செய்த வேலை. மழைக்கு முன்னால் ஒன்றை விற்றுவிடுவானாம். எதை என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.

செப்டம்பர் 14
அவனுக்கும் பேத்தி பூஜாவுக்கும் அதே சண்டை. ஜாகுவார் சிவப்பு, படகு போல நீள மூக்கு. போர்ஷே ஆமை முதுகு. எஞ்சின் பின்பக்கம், தண்ணீரே ஊற்ற வேண்டாம், காற்றிலேயே ஆறுமாம்.
"ஓட்றதுன்னா போர்ஷேதாம்பா. வளைவுல ரோட்டை விடாது."
"போடி. ஜாகுவாரு சும்மா நின்னுக்கினு இருந்தாலே ஊரு பாக்குது."
"ரெண்டுல எது பால் கறக்கும்?" என்றேன்.
அஞ்சாங்கிளாஸ் படிச்ச எனக்கே தெரியுது — இடத்தை அடைப்பது அந்த மூக்கு. அதுதான் போகணும்.

செப்டம்பர் 19
சென்னையில் பழைய கார் சேர்க்கிற பிரிஸ்கில்லா என்ற அம்மா ஞாயிறு வருகிறாள். ஜாகுவார் மேல்தான் கண்ணாம். வினோத்துக்கு மூஞ்சி தொங்கிவிட்டது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

செப்டம்பர் 20
ஜாகுவாரைத் துடைத்து என் களத்தின் நடுவில் நிறுத்திவிட்டு வாலாஜாபாத் போய்விட்டான். என் மோர்மிளகாய் எங்கே காயும்? மூக்கின் மேலேயே பரப்பினேன். நல்ல சூடு. சாயந்திரம் அள்ளிவிட்டேன். எவனிடம் கேட்கணும்? என் களம்.

செப்டம்பர் 21
பிரிஸ்கில்லா இரண்டையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "போர்ஷேக்கு எஞ்சின் அருமை, பெயிண்ட் புதுசு. ஜாகுவாருக்குக் கம்பெனி பெயிண்ட், யாரும் கை வைக்கல. அதுக்காகத்தான் வந்தேன்" என்று அதன் மூக்கைத் தடவினாள். கை நின்றது. திட்டுத்திட்டாக வெளுப்பு.
"இன்னாம்மா பண்ண?" என்றான் வினோத்து.
"மொளகா காய வெச்சேன். இன்னா இப்ப?"
"மறுபடி பெயிண்ட் அடிச்சா அந்த மதிப்பு வராதும்மா" என்றாள் அவள். போர்ஷேவை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பூஜா அழுதாள். மூக்கு இங்கேயே.
பெயிண்டைத் தொடக்கூடாதுன்னு எவனாச்சும் எங்கிட்ட சொன்னானா?

செப்டம்பர் 23
வினோத்து பேசுவதில்லை. பேச வேண்டாம். சோறு மட்டும் என் கையால் இறங்குது இல்ல?

அக்டோபர் 2
போர்ஷே நின்ற இடத்தில் பசுவைக் கட்டிப் பார்த்தேன். மூக்கு இடிக்கிறது. படுக்க முடியவில்லை. மறுபடி வேப்பமரம். ஆயுத பூஜைக்கு அந்த வண்டிக்குப் பொட்டு வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன்.

அக்டோபர் 15
மழை.

அக்டோபர் 16
விடியும்போது பசுவுக்கு வலி கண்டுவிட்டது. கொட்டகைக்கு ஓடினேன். வினோத்து தன்னந்தனியாக ஜாகுவாரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தான்.
"நனைஞ்சிடும்டா."
"நனையட்டும். உன் மொளகா உப்பாவது போவும்."
இத்தனை நாளில் இதுதான் முதல் பேச்சு.
கிடாரிக் கன்று. உலர்ந்த இடத்தில் எழுந்து நின்றது. அப்புறம் அவன் தார்ப்பாயை விரித்தான். மறுமுனையை நான் பிடித்தேன், மூக்குப் பக்கம்.