ஓட்டத்துக்கு வேண்டிய சாமான்

கார்த்திகை 4, வியாழன்

விடியலில் தூறல். நகரி மலையின் மூக்கில் மேகம், சளி பிடித்த மாதிரி. ஆற்றுப் பாலம் வரை ஓடித் திரும்பினேன். பழைய கேன்வாஸ் ஷூ. அடி தேய்ந்து சப்பாத்தி. இடது ஷூ வாயைத் திறந்து சிரிக்கிறது.

மாப்பிள்ளை ரவி திருப்பதியிலிருந்து போன். தை மாதம் அங்கே நடக்கிற ஓட்டத்துக்கு இரண்டு பேர் பெயரும் கொடுத்தாகிவிட்டதாம். அவருக்கு முழு மாரத்தான், எனக்கு அரை. "இந்த வயசுல எனக்கு அரை டிக்கெட்டா மாப்ள?" என்றேன். சிரிக்கவில்லை. பேங்க் உத்தியோகம். சிரிப்பதற்கு மேனேஜர் கையெழுத்து வேண்டும் போல.

அவர் சொன்ன சாமான்:
ஷூ (நல்லதாக)
சாக்ஸ் (அதுவும் நல்லதாக)
அரை டவுசர்
வியர்வை தங்காத பனியன்
தொப்பி
இடுப்பில் கட்டும் தண்ணீர் பெல்ட்
வாட்ச்
வாசலின். எங்கே தடவுவது என்று கேட்டேன். "அப்புறம் சொல்றேன் மாமா" என்றார். பக்கத்தில் என் மகள் இருக்கிறாள் போல.

கையில் இருப்பது தொப்பி மட்டும். எலெக்ஷனில் கொடுத்தது. ஓடும்போது திருப்பிப் போட்டுக்கொண்டால் எந்தக் கட்சி என்று தெரியாது.

இன்னொன்று. புத்தூர் டாக்டரம்மா போன மாதம் சொன்னது. ச.விடம் சொல்லவில்லை. (ச. என்றால் சரோஜா, என் வீட்டுக்காரி. முழுசாக எழுதச் சோம்பல்.) கண்ணை மூடச் சொல்லி, நைலான் நரம்பு மாதிரி ஒன்றை உள்ளங்காலில் வைத்து, "தொட்டா சொல்லு தாதா" என்றார் (தெலுங்கில் தாத்தா). குத்துமதிப்பாக "ஆ, இப்போ", "ஆ, இப்போ" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கண்ணைத் திறந்தால், அந்தம்மா எப்போதோ கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

சர்க்கரை காலுக்கு வந்துவிட்டதாம். ஓடலாம். ஆனால் காலில் ஒரு புண் வந்தால் ஓட்டம் பந்த். கவனிக்காமல் விட்டால் விரலே போகும். தறியில் அறுந்த நூலை இருட்டிலேயே விரலால் தேடி முடிச்சுப் போட்டவன் நான். என் காலுக்கு நூல் தெரியவில்லை.

ஆனாலும் ஓட்டத்தை விட மனசில்லை. பவர்லூம் ஷெட்டை விட்டு வந்தும் காதுக்குள் தறி நிற்கவில்லை. சோறு தின்னும்போதும் சடக் சடக், சாமி கும்பிடும்போதும் சடக் சடக். ஓடும்போது மட்டும் நிற்கிறது. மூச்சுச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை.

கார்த்திகை 7, ஞாயிறு

திருப்பதி. பஸ்ஸில் வேறு கோயிலில் முடி கொடுத்து வருகிற மொட்டைத் தலைகள். முன் சீட்டுக்காரர் தலையில் சந்தனம். அவர் தூங்கி விழுந்து சந்தனம் என் சட்டையில்.

ஷூ வாங்க சாயங்காலம்தான் போக வேண்டுமாம். பொழுது சாயச் சாயக் கால் வீங்கும், அந்த அளவுக்கு வாங்கினால்தான் ஓடும்போது கடிக்காது என்று மாப்பிள்ளை சொன்னார். நியாயம்தான். அதுவரை மகள் வீட்டில் தின்று தூங்கினேன். கால் வீங்கியதோ இல்லையோ, வயிறு வீங்கியது.

ஷூக்கடையில் சின்னப் பெண், நல்ல பொறுமை. என் பாதம் எதிலும் நுழையவில்லை. நின்றே வேலை செய்த கால், முறம் மாதிரி விரிந்திருக்கிறது.

"தாதா, உங்க கால் ரொம்ப வெடல்ப்பு."

"மனசும் அகலந்தாம்மா. இத பாரு, நான் அரை மாரத்தான் தான் ஓடறேன். ஒரு காலுக்கு மட்டும் குடு, பாதி வெல தரேன்."

அந்தப் பெண் சிரித்தது. மாப்பிள்ளை ரோட்டைப் பார்த்தார்.

கடைசியில் அகலமானது ஒன்று அமைந்தது. வெளியே நீலம், உள்ளே சிவப்புத் துணி. முன்னால் கட்டை விரல் அளவு இடம் விட்டு இருக்க வேண்டுமாம், இருந்தது. விலையைக் கேட்டு மயக்கம் வந்த மாதிரி நடித்தேன். நிஜமாகவே நாற்காலி போட்டுவிட்டார்கள்.

ராத்திரி வீட்டில் மாப்பிள்ளை இரண்டு ஜோடி சாக்ஸ் கொடுத்தார். தொட்டதுமே தெரிந்துவிட்டது. ஒரு நூலை உருவி, அடுப்பில் காட்டினேன். சுருண்டு, உருகி, கறுப்பு மணியாக நின்றது.

"இன்னா மாப்ள, பிளாஸ்டிக்க குடுக்குற? பருத்தின்னா காய்தம் மாரி எரிஞ்சி சாம்பலாவணும்."

"மாமா, அது வேர்வைய உள்ள வைக்காது. காட்டன் தண்ணிய குடிச்சிடும். கால் ஊறிப்போயி கொப்புளம் வரும்."

"நான் பாக்காத துணியா? பருத்திய பத்தி எனுக்கே பாடமா?"

மகள் அடுக்களையிலிருந்து, "நைனா! புது சாக்ஸ கொளுத்திக்கினு கீறியா?" என்று கத்தினாள். மாப்பிள்ளை மிச்ச ஜோடியைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். இன்றைய ஆட்டத்தில் எனக்கே ஜெயம்.

கார்த்திகை 9, செவ்வாய்

நகரி பஜாரில் வெள்ளைக் காட்டன் சாக்ஸ் மூன்று ஜோடி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிறது. நூல் எரித்துப் பார்த்தே வாங்கினேன். கடைக்காரன் திட்டினான்.

அரை டவுசர் போட்டு ச.விடம் காட்டினேன். சட்டினிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா இது?"

"ஓட்ற டிரெஸ்."

"மகளைக் கட்டிக் குடுத்த வூட்டுக்குப் போற கெழவன் போட்ற டிரெஸ்ஸா? வேட்டிய மடிச்சிக் கட்டினு ஓடு."

"பாதி ரோட்ல அவுந்துச்சின்னா?"

"அப்போ எல்லாரும் ஓடுவாங்க. நீ மொதல்ல வருவ."

இவளிடம் எப்போதும் இப்படித்தான். எட்டு வார்த்தை பேசினால் ஒன்பதாவதில் கவிழ்த்துவிடுவாள்.

தண்ணீர் பெல்ட் வேண்டாம் என்று முடிவு. குழந்தையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி இருக்கிறது. வாட்ச்சும் வேண்டாம். ரயில் வருகிற நேரம் எனக்குத் தெரியும்.

கார்த்திகை 14, ஞாயிறு

ராத்திரியெல்லாம் மழை, விடியலில் விட்டது. நீள ஓட்டம். புது ஷூ, பருத்தி சாக்ஸ். புத்தூர் ரோட்டில் எங்கே பார்த்தாலும் குட்டை, தாண்டப் பார்த்து நடுவில் விழுந்தேன். ஆனால் என்ன சுகம். காதில் தறி இல்லை. எருமைகள் ஒதுங்கி வழி விட்டன. பால்காரன், "பெர்சு, எவன் தொரத்தறான்?" என்றான். "ஒன் பொண்டாட்டி" என்றேன். வேகமாக ஓட நல்ல காரணம் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினேன். வலது சாக்ஸின் முன்பக்கம் சிவப்பு. பார்த்ததும் புரிந்துவிட்டது. ஷூவின் உள்துணிச் சிவப்பு, சாயம் நிற்காத சரக்கு. துணியும் சாயமுமே தொழிலான நகரிக்காரன் தலையிலேயே சாயம் போகிற துணியைக் கட்டுகிறான்! மாப்பிள்ளைக்கு போன் போட்டேன், ஸ்பீக்கரில்.

"மாப்ள, அந்தக் கடக்காரன் நல்லா ஏமாத்திட்டான். தண்ணி பட்டதும் சாயம் வுட்டுக்கினு கீது."

"அந்த ஷூவுலயா? இருக்காது மாமா."

"கண்ணெதுர்ல கீது. நான் பாக்காத சாயமா?"

ச. சாக்ஸைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளும் கலர் நூல் சுற்றினவள்தான். இடது சாக்ஸையும் எடுத்துப் பார்த்தாள்.

"ரெண்டு ஷூவுலயும் உள்ள செவப்பு தானே? ஒண்ணுல மட்டும் எப்டி எறங்கும்?"

"அந்தக் கால் குட்டையில பூந்திருக்கும்."

"ரெண்டும் சொட்டச் சொட்ட நனஞ்சி கீது. கால காட்டு."

காட்டினேன். கட்டை விரலுக்குக் கீழே தோல் ஊறி, உரிந்து, வெற்றிலை நுனி அளவுக்குப் புண். நானே அப்போதுதான் பார்க்கிறேன்.

"நோவலியா?"

"நோவாத மாரி ஓட்றது தான் டெக்னிக்கு."

சிரிக்கவில்லை. "அந்தாண்ட திரும்பு" என்றாள். திரும்பினேன். "இப்போ சுண்டு வெரல கிள்றேன். தெரியுதா?"

"தெரியுது. மெதுவாடி."

"நான் கிள்ளவே இல்ல."

டாக்டரம்மா செய்த அதே வேலை. இரண்டு பொம்பளைகள், ஒரே மாதிரி பிடித்துவிட்டார்கள். ச. திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது பதில் வைத்திருப்பேன். சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். போன் வேறு அணையவில்லை, அதற்குள்ளிருந்து "மாமா... மாமா..." என்று மாப்பிள்ளை.

கார்த்திகை 15, திங்கள்

புத்தூர். எலும்பு ஒடிந்தவர்கள் எல்லாம் இந்த ஊருக்கு வருவார்கள். நான் ஒன்றும் ஒடியாமலே வருகிறேன்.

டாக்டரம்மா கட்டுப் போட்டார். "ஏம் தாதா, நொப்பி லேதா?"

ச. முந்திக்கொண்டாள். "இந்தாளுக்கு நோவே தெரியலம்மா. எங்கிட்டயும் சொல்லல."

இரண்டு வாரம் ஓடக்கூடாது. புண் ஈரம் படக்கூடாது. இரண்டு வாரத்தில் மூடினால் ஓட்டத்தைப் பற்றிப் பேசலாம். மூடாவிட்டால் இந்த வருஷம் இல்லை, அடுத்த வருஷமும் சந்தேகம். எந்த சாக்ஸ் போட்டேன் என்று கேட்டார். சொன்னேன். மாப்பிள்ளை சொன்னதையே வார்த்தை மாறாமல் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் ச. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். பாதியைத் திருப்பித் தந்தாள். கொஞ்சம் நிம்மதி.

கார்த்திகை 17, புதன்

தீபம். மழை இல்லை, அகல் எல்லாம் அணையாமல் நின்று எரிந்தது. நான்தான் சும்மா. காதில் தறி, இரட்டை ஷிப்ட்.

ச. பஜாரிலிருந்து ஒரு கைக்கண்ணாடி வாங்கி வந்தாள். சிவப்பு பிளாஸ்டிக் பிடி. இந்த வயசில் அலங்காரமா என்று கேட்டேன். "கால முக்காலி மேல வையி" என்றாள். அவளுக்கு இடுப்பு மடியாது, குனிய முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை என் பாதத்துக்குக் கீழே பிடித்துப் பார்க்கிறாள். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். டாக்டரம்மா என்னைத்தான் பார்க்கச் சொன்னார். இவள் நம்பவில்லை.

"இன்னா தெரியுது?"

"ஒன் மூஞ்ச விட பரவால்ல."

கார்த்திகை 23, செவ்வாய்

ஓரம் காய்கிறது, நடுவில் இன்னும் ஈரம். வாசலில் நின்று ரோட்டைப் பார்த்தேன். பால்காரன் கேட்டான், "இன்னா பெர்சு, புட்ச்சிட்டானா தொரத்தனவன்?" பதில் இருந்தது. சொல்லத் தோன்றவில்லை.

ஷூவுக்குள் பேப்பர் திணித்து வைத்திருக்கிறேன். காய்ந்துவிட்டது. சிவப்பு அப்படியே இருக்கிறது, துளி சாயம் போகவில்லை. நல்ல சரக்கு.

கார்த்திகை 28, ஞாயிறு

மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு. எனக்கு மட்டும் அளந்து சோறு. மாப்பிள்ளை சாக்ஸ் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாளைக்கு டாக்டர் என்ன சொல்வாரோ என்று மட்டும் கேட்டார். குத்திக்காட்டுவார் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன், வீண். இவரோடு வம்பிழுக்கவே முடியாது.

கிளம்பும்போது நானே கேட்டேன்.

"மாப்ள, அந்த பிளாஸ்டிக்கு இன்னொரு ஜோடி கீதா?"

பையிலிருந்து எடுத்தார். கொண்டே வந்திருக்கிறார்! "கொளுத்த மாட்டீங்கல்ல மாமா?" என்றார். சிரித்தார். முதல் தரம் பார்க்கிறேன். பல் வரிசை நன்றாகத்தான் இருக்கிறது.

கார்த்திகை 29, திங்கள்

புத்தூர். வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர், பாதத்தில் பாதி இல்லை. செருப்பை அழகாகத் துணி வைத்துத் தைத்துப் போட்டிருந்தார். ச. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்.

டாக்டரம்மா விளக்கைப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார்.

"மூடிப்போச்சு தாதா. தோல் புதுசு. மெதுவா ஆரம்பி."

"ரேஸ்?"

"நடுவுல நின்னு, ஷூ கழட்டி, கால் பாக்கணும். நீ பாத்தேன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். பாக்க ஆள் இருந்தா போ. லேகபோதே வத்து."

ஆள் இல்லாவிட்டால் வேண்டாமாம். வாயைத் திறந்தேன், மாப்பிள்ளை பக்கத்தில் ஓடுவார் என்று சொல்ல. அவர் முழு மாரத்தான், எனக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விடுவார். மூடிக்கொண்டேன்.

"நான் கீறேன்" என்றாள் ச.

மார்கழி 6, ஞாயிறு

பனி. கோயில் ஸ்பீக்கரில் பாட்டு. முதல் ஓட்டம். சாமான்: ஷூ, மாப்பிள்ளை சாக்ஸ், அரை டவுசர் (ச. ஒன்றும் சொல்லவில்லை), தொப்பி. வாசலின் எங்கே என்று இப்போது தெரியும்.

ச. முன்னாலேயே ஷேர் ஆட்டோவில் போய்விட்டாள். பாலம் வரை மெதுவாக. தறிச் சத்தம் பாதி வழியில் நின்றது. பாலம் தாண்டி பஸ் ஷெல்டர், அங்கே சால்வையைப் போர்த்திக்கொண்டு அவள், மடியில் கண்ணாடி. பக்கத்தில் புத்தூர் பஸ்ஸுக்கு நிற்கிற பூக்காரம்மா, கூடை, ஊரே.

"இங்கியா கழட்றது? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். வையி."

பெஞ்சு மேல் காலை வைத்தேன். முதலில் வலது, பிறகு இடது. சாக்ஸ் உலர்ந்தே இருந்தது. பூக்காரம்மா, "இன்னாம்மா, புருசன் கால்ல இன்னா தேட்றே?" என்றாள். ச. கண்ணாடியை அப்படியும் இப்படியும் சாய்த்தாள். எனக்கு அதில் அவள் கண் மட்டும் தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள். நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

"ஒண்ணும் இல்ல" என்றாள். "ஓடு."