தம்மில் இருக்கும் சோறு

என் செல்லமே,

அடுப்படியில் நின்றபடி எழுதுகிறேன். உன்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் கூடத்தில் இருக்கிறார்கள். சாப்பிட்டதும் அப்பா அவர்களோடு ரொட்டியைப் பிட்டு நிச்சயம் செய்துவிடுவார்.

மாப்பிள்ளையின் அம்மா மவ்ஜூதா இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டாள். "என்ன சம்பந்தி, பலாவ் இன்னுமா வேகுது?"

"இப்பத்தான் தம்முல வச்சேன். மூடியத் திறந்தா மூச்சு போயிடும், சோறு பாழாயிடும்."

மூச்சுக்கும் தம்முக்கும் நம் மொழியில் ஒரே சொல்தானே. அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் உன் அப்பாவும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்.

உன் பாஸ்போர்ட்டை அவர் பெட்டியிலிருந்து எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். கொல்லைக் கதவுக்குத் தாழ் போடவில்லை. தாஷ்கண்ட் பஸ் நான்கு மணிக்கு. கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தை மறந்துவிடாதே.

சோறு அடிப்பிடிக்கிற வாசனை வருகிறது. பிடிக்கட்டும்.

என்னைப் பெண் கேட்டு வந்த அன்று என் அம்மா மூடியைச் சீக்கிரமே திறந்துவிட்டாள்.

அம்மா