கழுதைகளோடு மூன்று மாதம்

பிப்ரவரி 3

காலையில் ஒரு பிரஷ்ஷையும், குளம்பில் அடைந்த மண்ணைக் கிளற ஒரு சின்னக் கொக்கியையும் கையில் கொடுத்தார்கள். பத்தொன்பது வருஷம் டயர் கம்பெனியில் கொள்முதல் பார்த்தவன் நான். அக்டோபரில் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். அப்புறம் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தேன். உழைத்துத் தேய்ந்த கழுதைகளைப் பராமரிக்கும் இந்த இடத்துக்கு என் பெயரில் விண்ணப்பம் போட்டது என் மனைவிதான். "மூணு மாசம் கடல் தாண்டிப் போயிட்டு வாங்க. அந்தச் சுவருக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்" என்றாள்.

பிப்ரவரி 4

இருபத்தேழு கழுதைகள். எது எதென்று ஒன்றும் பிடிபடவில்லை.

பிப்ரவரி 9

போனில் அவள்: "ஆபீஸ்ல கழுதையா உழைச்சீங்க. இப்ப கழுதைக்கே உழைக்கறீங்க. பதவி உயர்வுதான்."

சிரித்துவிட்டேன். அக்டோபருக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அவள் உடனே, "பரீட்சைப் பேப்பர் திருத்தணும்" என்று வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 20

செங்கல் சூளையிலிருந்து வந்த ஒருத்தி இருக்கிறாள். முதுகெல்லாம் தழும்பு. பின்னங்காலைத் தொட்டால் உதைதான். என் தொடையில் நீலம் பாரித்திருக்கிறது.

இங்குள்ள கால்நடை டாக்டரம்மா அரைகுறை ஆங்கிலம், நான் கால்குறை. "அவசரப்படாதீங்க. பக்கத்துல உட்காருங்க. அவகிட்ட எதையும் கேட்காதீங்க" என்றார். தலைகீழாகக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம்.

அப்போதுதான் உறைத்தது. அந்த நாலு மாசமும் வீட்டில் தினம் சாயங்காலம் என் மனைவி கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு, டீயை வைத்துவிட்டு, வாயே திறக்காமல் நோட்டுத் திருத்தினாளே. கோபம் என்றல்லவா நினைத்தேன்? நான் எப்படிப்பட்ட மடையன்?

பிப்ரவரி 21

போனில் அவளிடம் கேட்டேவிட்டேன். "நீ கோபத்துல பேசாம இருந்தேன்னு நினைச்சேன்."

"கோபமும் இருந்துச்சு" என்றாள்.

மார்ச் 14

சூளைக்காரி இன்று தானாகவே காலைத் தூக்கக் கொடுத்தாள். குளம்புக்குள் பழைய புண், உள்ளே சீழ். டாக்டரம்மா கீறிவிட்டார். அவள் தலையை என் தோளில் அழுத்திக்கொண்டு நின்றாள். என்ன கனம்!

மார்ச் 22

பழைய சிநேகிதன் கூப்பிட்டான். அவன் கம்பெனியில் இடம் இருக்கிறதாம், ஒன்றாம் தேதி சேர வேண்டும். மே மாதம் வரை பொறுப்பார்களா? மாட்டார்கள். இங்கே புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்ற வேண்டும், என்னைத் தவிர யாரையும் சூளைக்காரி கிட்டே விடுவதில்லை. முடியாது என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் நினைவு வந்தது. மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே—

மார்ச் 23

"ஒரு கழுதைக்காக வேலைய விட்டாருன்னு எங்க அண்ணன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சு சொல்றது? எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கணும். தப்பு என்னுதுதான். சொன்னேன். வைத்துவிட்டாள்.

மார்ச் 25

போன் இல்லை.

மார்ச் 26

செய்தி வந்தது. "கால் எப்படி இருக்கு?"

"யார் கால்?"

"அவ காலைத்தான் கேட்டேன். உங்க காலை யார் கேட்டா?"

மூன்று தடவை படித்தேன்.

மே 2

கட்டு அவிழ்த்தாயிற்று. நொண்டாமல் மேட்டில் ஏறிப் போனாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். டாக்டரம்மா ஒரு சான்றிதழ் எழுதித் தந்தார். நாளை விமானம்.

ஜூன் 15

கால்நடை மருத்துவமனையில் மருந்துக் கிடங்குப் பொறுப்பு. அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். சம்பளம் முன்னைவிடக் குறைவு. சேர்வதற்கு முன் அவளிடம் கேட்டேன். "போங்க" என்றாள்.

இன்று முதல் நாள். பத்தொன்பது வருஷமும் கம்பெனி வண்டி ஆறு மணிக்கே என்னை அள்ளிக்கொண்டு போய்விடும். இருவரும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போவது இதுதான் முதல் தடவை. அவள் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் முன் சீட்டிலிருந்து திரும்பி, "சார்தானே? கழுதைகளோட நீங்க எடுத்து அனுப்பின போட்டோ எல்லாம் பாத்துட்டோம். தினம் ஒண்ணு காட்டுவாங்க" என்றார். இவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பேச்சு சுவாரசியத்தில் அந்த டீச்சர் இறங்கியதையும், பள்ளிக்கூட ஸ்டாப் தாண்டிப் போனதையும் நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை. ஒரு நாளும் தாமதமாகப் போகாதவள், மருத்துவமனை இருக்கும் அடுத்த ஸ்டாப்பில் என்னோடு இறங்கி, "சாயங்காலம் இங்கயே நில்லுங்க, நான் வரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.