மதகு என்று எழுதிய இடம்

16.6.71, புதன். கும்பகோணம்

இன்று ஒன்பது நிலைகளில் அளந்தாயிற்று. ஈர்ப்பை அளக்கும் கிராவிமீட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி ஜீப்பில் அசையாமல் உட்கார்ந்து முதுகு விட்டுப்போயிற்று. எனக்கு அசையாமல் இருப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை.

சுற்றிலும் வயல். வண்டல், வண்டல், வண்டல். அதற்கெல்லாம் கீழே, பல மைல் ஆழத்தில் ஒரு விளிம்பு இருக்கிறது என்று என் மனசு அடித்துக்கொள்கிறது. மேற்கே பூமியின் பழைய மேலோடு தடிமனாக இருக்கிறது. கடல் பக்கம் மெலிகிறது. தடித்ததும் மெலிந்ததும் சேரும் இடத்தில் பிளவுகள் ஆழம் வரை இறங்கும். சூடான உப்புநீர் அந்த வழியாக ஏறி வந்து, சுமந்துவந்த செம்பையும் ஈயத்தையும் அங்கேயே விட்டுவிடும். உலோகம் கண்ட இடத்தில் கிடப்பதில்லை. வேம்பு சாரிடம் சொன்னேன். “இது எந்தப் புத்தகத்துல இருக்கு, ஜெக்கரியா?” என்றார். எதிலும் இல்லை சார் என்றேன். மேலதிகாரியிடம் அப்படிப் பேசலாமா? பேசிவிட்டேன்.

விளிம்பு வெகு ஆழத்தில் இருந்தால் கிழக்கே போகப்போக ஈர்ப்பு மெல்ல மெல்லத்தான் கூடும். மேலே நெருங்கி வந்திருந்தால் சட்டென்று கூடும். சட்டென்று கூடினால்தான் உலோகம் தேடித் துளை போட மேலிடம் சம்மதிக்கும்.

ஷம்சாத் வைத்த மீன் ஆணத்தில் உப்பு கரித்தது. வாயைத் திறக்கவில்லை. பெண்டாட்டி என்றால் பயம்தான்.

18.6.71, வெள்ளி

பேய்க்காற்று. பதினான்காம் நிலை, குடவாசல் போகும் வழியில் ஒரு மதகு. பெட்டிக்குள் அளவு காட்டும் கோடு நிற்கவே இல்லை. இரண்டு மணிக்குள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி அளக்காவிட்டால் இன்றைய அளவெல்லாம் வீண். ஜும்ஆ தொழுகை வேறு போயிற்று. கத்திவிடலாம் போல இருந்தது.

வாய்க்காலில் புல் செதுக்கிக்கொண்டிருந்த பண்ணையாள் ஐயாவு சொன்னார்: “எங்க வூட்டுக்குள்ள வைங்க சார். காத்து வராது.” மேட்டுக்குக் கீழே பள்ளத்தில் குடிசை. வாசலில் முருங்கை. அவர் மனைவி கண்ணாத்தாள் பானையை நகர்த்தி இடம் விட்டார். பிறகு பாயை இரண்டு கையாலும் விரித்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். “மூச்சு உடலாமா, கூடாதா?” என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு. கோடு நின்றது.

ஐயாவு கேட்டதால் விளிம்பைப் பற்றிச் சொன்னேன். “வாய்க்கா அகலமா வந்து குறுகுற எடத்துலதானுங்களே குப்ப ஒதுங்கும்” என்றார். வேம்பு சாருக்கு ஒரு மணி நேரம் சொல்லியும் ஏறாதது, இவருக்கு ஒரு பீடி முடிவதற்குள் ஏறிவிட்டது.

சர்வே புத்தகத்தில் இடம் ‘மதகு’ என்றே எழுதினேன். மதகுக்குத்தான் உயரம் அளந்து வைத்திருக்கிறது. குடிசைத் தரை பத்துப் பன்னிரண்டு அடி பள்ளம். அடுத்த வாரம் வந்து திருத்திக்கொள்ளலாம்.

27.6.71, ஞாயிறு

வரைபடம் போட்டேன். பதினான்கில் குதிக்கிறது! பதின்மூன்று வரை சோம்பேறி மாதிரி ஏறிவந்த கோடு, பதினான்கில் சட்டென்று மேலே. நானும் நாற்காலியை விட்டுக் குதித்தேன். “என்னங்க, தேளா?” என்று ஷம்சாத் ஓடிவந்தாள்.

படுத்த பிறகுதான் அந்தப் பள்ளம் ஞாபகம் வந்தது. தரை தாழ்ந்தாலும் ஈர்ப்பு கூடும். அந்தப் பத்துப் பன்னிரண்டு அடிக்கு இவ்வளவு வருமா? காகிதத்தில் இரண்டு வரி போட்டால் தெரிந்துவிடும்.

28.6.71, திங்கள்

போடவில்லை.

12.7.71, திங்கள்

வேம்பு சார் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “அட, நீ சொன்னது நெஜந்தானோ?” குடவாசலில் அரிசிக்கடை வைத்திருப்பவர் மகனான எனக்கு இதைவிட என்ன வேண்டும்? பள்ளத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

20.9.71, திங்கள்

துளை போட மேலிடத்துக்கு எழுதியாகிவிட்டது. இடம்: பதினான்காம் நிலைக்குக் கிழக்கே. அறிக்கையில் முதல் பெயர் என்னுடையது. சந்தோஷமாக இருக்க வேண்டியவன் மூன்று நாளாகச் சோறு இறங்காமல் திரிகிறேன்.

6.2.72, ஞாயிறு

ஐயாவு வந்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை; அப்படி இளைத்திருந்தார்.

போன ஜூன் பத்தொன்பதாம் தேதி யார் எந்த மனையில் குடியிருந்தார்களோ அது அவர்களுக்கே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டிருக்கிறது. அது வரப்போகிறது என்று காதில் விழுந்ததும் மனைக்காரரான மிராசுதார் ஆள் வைத்து ஐயாவு குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டார். முருங்கையையும் வெட்டிவிட்டார்கள். ‘தீபாவளிக்கு அப்புறம் வந்து ஒண்டினவன்’ என்று இப்போது தாசில்தாரிடம் மனு. தெருவில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். எல்லாருக்கும் அவரிடம்தான் வேலை. ஐயாவும் கண்ணாத்தாளும் வாய்க்கால் கரையில் சாக்குப் படுதாவுக்குள் இருக்கிறார்கள்.

“ஜூன் மாசத்து சர்க்கார் காயிதம் எதாச்சும் இருக்கான்னு தாசில்தார் கேக்குறாரு. நீங்க பெட்டிய எங்க வூட்லதானே வச்சீங்க சார். அப்பவே புத்தகத்துல எழுதினீங்களே, நான் பாத்தேன். அந்த ஒரு பக்கம் போதுங்க.”

“பாக்கிறேன்” என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு என்னைப் பிடுங்கித் தின்கிறது.

7.2.72, திங்கள்

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மதகு. என் கையெழுத்து. அழகாக வேறு எழுதியிருக்கிறேன்.

8.2.72, செவ்வாய்

கணக்குப் போட்டேன். ஏழு மாதமாகப் போடாதது பத்து நிமிடத்தில் முடிந்தது. குதிப்பில் முக்கால்வாசி அந்தப் பள்ளம்தான். அதைக் கழித்தால் கோடு மெல்ல ஏறுகிறது. விளிம்பு இருக்கிறது, ஆனால் எந்தத் துளையும் எட்டாத ஆழத்தில். அடப்பாவி ஜெக்கரியா!

11.2.72, வெள்ளி

ஷம்சாத்திடம் சொன்னேன். “அவங்க வூட்டுக்குள்ள வச்சேன்னு எங்கயாவது எழுதியிருக்கீங்களா?”

இந்த நோட்டில்தான் என்றேன்.

“அப்ப இதக் கொண்டுபோய்க் குடுங்க.”

கொடுத்தால் துளை போச்சு, அறிக்கை போச்சு, வேலைகூடப் போகலாம் என்றேன். கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. அவள் உயர்த்தவில்லை. “இங்க ஒரு எடத்துல உக்கார முடியாம எட்டு மாசமா நடக்குறீங்க. எனக்குத் தலை சுத்துது. குடுத்துட்டு வந்து உக்காருங்க.” போகிற போக்கில், “ஆமா, என்னப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?” நோட்டை மூடிவிட்டேன்.

2.3.72, வியாழன்

வேம்பு சாரிடம் இன்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். “என் கையெழுத்தும் அதுல இருக்கேப்பா” என்றார். திட்டியிருக்கலாம்.

நாளை தாசில்தார் விசாரணை. இந்த நோட்டு என் கையை விட்டுப் போகிறது.

14.6.72, புதன்

நோட்டு திரும்ப வந்தது. ஜூன் 18 பக்கத்தில் ஊதா முத்திரை. அட்டையில் யாரோ டீ கொட்டியிருக்கிறார்கள்.

விசாரணையன்று நடந்ததை இப்போதுதான் எழுத முடிகிறது. மிராசுதாரின் வக்கீல், இது ஜோடித்த நோட்டு என்று காட்டுவதற்காக முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படித்தார். உப்பு கரித்த ஆணத்தையும் படித்தார். சாவடியே சிரித்தது. தாசில்தாரும் சிரித்துவிட்டு, “ஜோடிக்கிறவன் பொண்டாட்டி சமையல எழுதுவானா?” என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி என்னைக் கேட்டார்.

“அப்படின்னா சர்க்கார் புத்தகத்துல எழுதினது பொய்யா?”

“ஆமாங்க.”

“எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். துளை ரத்து. என் பதவி உயர்வும் ரத்து. இந்தக் கோடு முழுவதையும், இருபத்து மூன்று நிலைகளையும் மறுபடி அளக்க உத்தரவு.

ஷம்சாத் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. தண்டனை அதற்கில்லை, உப்புக்கு.

20.6.72, செவ்வாய்

அதே காற்று. பதினான்காம் நிலை.

பள்ளத்தில் புதுக் கூரை. வாசலில் முருங்கைப் போத்து ஒன்று ஊன்றி, துளிர் விட்டிருக்கிறது. ஐயாவு நடவுக்குப் போயிருந்தார். பெட்டியை மதகில் வைத்துப் போராடிக்கொண்டிருந்தேன். கண்ணாத்தாள் கீழே இருந்து கூப்பிட்டார்.

“ஏன் சார் அங்க கெடந்து அல்லாடுறீங்க? இங்க வாங்க. எங்க மனைதான், எங்க வேணும்னாலும் வைங்க.”

இந்த முறை மட்டப்பலகை பிடித்து உயரத்தையும் அளந்தேன். மதகை விடப் பதினோரு அடி தாழ்வு. அவர் பாயை விரித்து வாசலில் நின்றார். கோடு நின்றது. பள்ளத்தைக் கழித்துப் பார்த்தேன், குதிப்பு ஒன்றுமில்லை.

சர்வே புத்தகத்தில் எழுதினேன்: நிலை 14. ஐயாவு - கண்ணாத்தாள் வீடு, வாசலுக்கு உள்ளே, தரை.

என்ன எழுதினீங்க என்று கேட்டார். படித்துக் காட்டினேன். பாயைக் கீழே வைத்துவிட்டு வந்து, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.