சக்கரத்துக்குக் கொடுத்த கட்டை

மரக்காணம்,
16.11.2025

அன்புள்ள மகன் விஜயகுமாருக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை தமிழ்நிலாவும் இங்கே இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதுவது வழக்கம். எழுதிப் பார்த்தேன், சரியாகப் படவில்லை, அடித்துவிட்டேன். சௌக்கியம் இல்லை என்றும் சொல்ல முடியாது. சாப்பிடுகிறோம், தூங்குகிறோம்.

நீ மஸ்கட் திரும்பி இருபத்தொன்பது நாள் ஆகிறது. ஒரு தடவைகூட நீ என் போனை எடுக்கவில்லை. உன்னோடு ஒரே அறையில் இருக்கும் பாலகுருதான் இரண்டு முறை பேசினான். “வேலைக்குப் போறான்மா, சாப்பிடறான்மா, ஊர்ப் பேச்சு எடுத்தா மட்டும் எழுந்து வெளிய போயிடறான்” என்றான். அதனால்தான் கடிதம். பாலகுருவோடு வேலை செய்யும் கோட்டக்குப்பத்து பாய் ஒருவர் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறாராம். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். எட்டாவதோடு நின்ற கை, பிழை இருக்கும். நிலா எழுதித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். இது நான் எழுத வேண்டியது.

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. உப்பளம் முழுக்க ஒரே தண்ணீர், வரப்பு எது பாத்தி எது என்று தெரியவில்லை. தை பிறந்து தண்ணீர் இறைக்கிற வரைக்கும் யாருக்கும் வேலை கிடையாது. பின்பக்கம் ஓடு இரண்டு உடைந்துவிட்டது, தார்ப்பாய் போட்டுக் கல் வைத்திருக்கிறேன். நிலா திண்டிவனம் காலேஜுக்குப் போய் வருகிறாள். அடுத்த வாரம் பரீட்சை. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறாள்.

எனக்கு அழுகை வரவில்லை, விஜி. உன் அப்பாவுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். போன வாரம் பழக்கத்தில் மூன்று பேருக்கு வடித்துவிட்டேன். நிலா எழுந்து போனதும் மிச்சச் சோற்றையும் போட்டு நானே சாப்பிட்டேன். வயிறு நிறைந்ததுகூடத் தெரியவில்லை. கையை மடக்கிப் படுத்தால் மரத்துப் போகுமே, அந்த மாதிரி ஆள் முழுக்க இருக்கிறேன். கை என்றால் உதறிவிடலாம்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன். அப்படி எழுதினால்தான் நான் மறைத்த இடம் எது என்று தெரியும்.

உன் அப்பா அந்த உப்புத் தள்ளுவண்டியை இருபத்தாறு வருஷம் தண்டவாளத்தில் தள்ளினார். டிராக்டர் வந்த பிறகு அது கொட்டகையில் கிடந்தது. மரக்காணத்துக்கு ரயில் வரப்போகிறது என்று பேப்பரில் போடும்போதெல்லாம், “நம்ம ஊர்ல ஓடன ஒரே ரயில் என்னுதுதான்டி” என்று சொல்வார். செப்டம்பரில் ரயில்வேயில் ரிட்டயர் ஆன சாலமன் சார் வந்தாரே, பழைய ரயில் சாமான்களைச் சேர்த்துச் சென்னையில் காட்சிக்கு வைக்கிறவர், அவருக்கும் இதையேதான் சொன்னார். அந்த மனுஷன் தண்டவாளத்தில் துருவைச் சுரண்டி எண் பார்த்தார், இரண்டடி அகலம் என்று அளந்தார். எங்கோ துறைமுகத்தில் கழற்றிய தண்டவாளம் இது, கால்வாயில் உப்புப் படகு போன காலத்தில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்றார். உன் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை, ஆனால் வாய் சும்மா இருக்குமா? “இதுல என்னா சார் பாரம்பரியம், என் முதுகு வலிதான்” என்றார். சாலமன் சார் சிரித்துக்கொண்டே அதையும் நோட்டில் எழுதினார்.

வண்டியைச் சென்னைக்குக் கொண்டுபோவதற்கு முன் ஆயுத பூஜையன்று கடைசியாக ஒரு பூஜை போட்டு, ஓட்டி, வீடியோ எடுப்பது என்று ஏற்பாடு. அந்தச் சமயம் நீயும் லீவில் வந்திருந்தாய். வெறும் வண்டி படத்தில் எடுப்பாக இருக்காது என்று மேனேஜர் சிவஞானம் உப்பை ரொப்பச் சொன்னார். எத்தனையோ வருஷம் அந்த வண்டிக்குப் பூஜை போட்டிருக்கிறோம், எல்லாம் வெறும் வண்டி. சக்கரத்துக்குக் கொடுத்த கட்டையை எடுத்தால் ஒரு கையால் பிடித்து நிறுத்திவிடலாம். அன்றைக்கு மேட்டில் நின்றது பாரவண்டி. இது எங்களில் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. இருபத்தாறு வருஷம் தள்ளிய மனுஷன் மண்டையிலும் ஏறவில்லை.

லாரி என்றால் சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்தால் போதும். தண்டவாளத்தின் மேல் பழம் நிற்காது. ஈர உப்பைப் பிடித்து வைத்து அதன்மேல் பழத்தை உட்கார வைப்பார் உன் அப்பா. இரண்டு பக்கமும் வைத்துவிட்டுத் தண்டவாளத்துக்கு வெளியே வந்தார். அதை நான் பார்த்தேன். ஒரு பழம் நழுவி விழுந்ததும் மறுபடி குனிந்து உள்ளே போனார். அதை நான் பார்க்கவில்லை. போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தேகால் வரைதான் நல்ல நேரம், பத்து பதின்மூன்று ஆகியிருந்தது. நீ பின் சக்கரத்துக் கட்டையருகே குந்தியிருந்தாய். உப்புக் குவியலைத் தாண்டி முன்னால் யார் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரிய வழியே இல்லை. அதனால்தான் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, “எடுக்கலாமாம்மா?” என்று கேட்டாய். “எடுடா, நேரம் போவுது” என்றேன்.

மேளம் அடித்துக்கொண்டிருந்தது. நீ கேட்டதும் நான் சொன்னதும் வேறு யார் காதிலும் விழவில்லை.

எல்லோரும் ஓடிவந்து அவர் மேல் ஏறிய வண்டியைத் தூக்கப் பார்த்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? உருண்டுபோன எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். ஏன் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது இருப்பதைப் பார்த்தேன். போலீஸ்காரர்கள் வண்டியைக் கொண்டுபோக முடியாமல் கயிறு கட்டி அங்கேயே விட்டுவிட்டு, கட்டையை மட்டும் சாக்கில் போட்டு எடுத்துப் போனார்கள்.

ஸ்டேஷனில் கேட்டபோது, “நானேதான் எடுத்தேன், யாரும் சொல்லல” என்றாய். நான் உன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். விபத்து என்று எழுதி நம்மை அனுப்பினார்கள். மறுநாள் அப்பாவை எடுக்கும்போது நீ கொள்ளிச் சட்டியைத் தூக்கக் குனிந்தாய். உன் சித்தப்பா மோகன், “அப்பனைக் கொன்ன கையாலயா கொள்ளி வெக்கணும்?” என்று தெருவே கேட்கிற மாதிரி சொன்னார். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். அப்புறம் சட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றாய்.

நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சொல்லவில்லை. பயமா என்று இத்தனை நாள் யோசித்துவிட்டேன். பயம்கூட இல்லை. வாய் என்னுடையது மாதிரியே இல்லை. ஆனால் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரிகிறது. பெற்றவள் தன்னைத் தப்புவித்துக்கொண்டாள் என்று தோன்றியிருக்கும். அப்படித் தோன்றினால் அதில் தப்பே இல்லை.

போன செவ்வாய்க்கிழமை சிவஞானம் டைப் அடித்த காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். லேபர் ஆபீஸுக்கு அனுப்ப வேண்டுமாம், நான் கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்ததாம். நிலா படித்தாள். “என் மகன் விஜயகுமார் யாரும் சொல்லாமல் தானாகவே கட்டையை எடுத்ததால்” என்று இருந்தது. இன்னொரு முறை படிக்கச் சொன்னேன், படித்தாள். சிவஞானம் பேனா மூடியைக் கழற்றி நீட்டினார். வாங்கி அந்த இடத்தை அடித்துவிட்டு, “தாய் பாஞ்சாலை எடுக்கச் சொன்னதால்” என்று மேலே எழுதினேன். உப்பை ஏற்றச் சொன்னது மேனேஜர் என்று கீழே இன்னொரு வரி சேர்த்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருந்தால் உன் அப்பா ஒரு மாசம் நடித்துக் காட்டியிருப்பார். “ஏம்மா, கேஸ் உங்க பக்கம் திரும்பிடும், யோசிச்சுதான் எழுதுறீங்களா?” என்று கேட்டார். திரும்பட்டும் என்றேன். காகிதத்தை வாங்காமலே கிளம்பிப் போனார்.

மறுநாள் அதை நானே ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் சொன்னதை எழுதி வாங்கிக்கொண்டார்கள், கூப்பிடும்போது வர வேண்டும் என்றார்கள். எப்போது கூப்பிடுவார்களோ தெரியாது. நிலாவுக்கு இந்தக் காகிதத்தால்தான் விஷயமே தெரிந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சீப்பையும் எண்ணெயையும் கொண்டுவந்து எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வாரிப் பின்னிவிட்டேன்.

மோகன் வீட்டுக்கும் போனேன். நின்றபடியே சொன்னேன். அவரும் எழுந்து நின்று, “அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல அண்ணி, புள்ள கையிலேர்ந்து சட்டிய வாங்கிட்டேனே” என்றார். வருஷத் திதிக்கு நீதான் உட்கார வேண்டும் என்று சொல்லியனுப்பினார். உன்னிடம் பேச வெட்கப்படுகிறார், அவர் பேசாவிட்டால் கோபித்துக்கொள்ளாதே.

நேற்று சாலமன் சார் மழையில் நனைந்துகொண்டு வந்தார். உங்களுக்கு மனசில்லை என்றால் வண்டியை விட்டுவிடுகிறோம் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார், பாவம். எடுத்துக்கொண்டு போங்கள், இங்கே துருப்பிடித்துக் கிடந்து என்ன ஆகப்போகிறது என்றேன். பலகையில் என்ன எழுதட்டும் என்று கேட்டார். அரசப்பன் இருபத்தாறு வருஷம் தள்ளியது என்று எழுதச் சொன்னேன். பிரேக் கிடையாது, கட்டைதான் என்பதையும் போடச் சொன்னேன். பார்க்கிற பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டும். ஸ்டேஷனில் அனுமதி வாங்கிவிட்டாராம், நாளைக்குக் கிரேன் வருகிறதாம்.

அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போது மனம் வேறு எங்கேயும் போகக் கூடாது, விஜி. தூக்கம் இல்லாமல் வண்டியில் ஏறாதே. பாலகுரு சமைத்தால் குறை சொல்லாமல் சாப்பிடு. மொட்டை அடித்த தலையில் முடி வந்துவிட்டதா?

நீ என்னைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். போதும்பா. அடித்துத் திருத்திய காகிதத்தின் ஜெராக்ஸ் இதோடு இருக்கிறது. அங்கே ஊர்க்காரர்கள் யாராவது ஏதாவது சொன்னால் எடுத்துக் காட்டு.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க எழுதவில்லை. கேட்டால் நீ உடனே சரிம்மா என்று சொல்லிவிடுவாய், அது எனக்கு வேண்டாம். ஒரே ஒரு தடவை போன் செய். நலம் விசாரிக்க வேண்டாம். “நீதானேம்மா எடுக்கச் சொன்ன?” என்று கேள். கத்திக் கேட்டாலும் சரி. ஸ்டேஷனில் சொல்லிவிட்டேன், மோகனிடம் சொல்லிவிட்டேன். ஆமாம்பா, நான்தான் சொன்னேன் என்று உன்னிடம்தான் இன்னும் வாயால் சொல்லவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், சாமி.

இப்படிக்கு,
உன் அம்மா
அ. பாஞ்சாலை