திட்டுகிறவருக்கே அடுத்த மாதம்

இன்று காலை அவலூர்பேட்டை பேருந்திலிருந்து இறங்கிய ஒரு பெண், என் மருந்துக் கடை வாசலில் கூடையை இறக்கி வைத்தாள். மேலே மூடியிருந்த ஈரத்துணியை விலக்கியதும் ஆவி எழுந்தது. உப்புப் போட்டு வேகவைத்த மல்லாட்டை, வேர்க்கடலை. பினாயிலும் இருமல் மருந்தும் மணக்கிற கடைக்குள் அந்த வாசனை நுழைந்தவுடன் நீ என் மனசில் வந்து நின்றுவிட்டாய். கூடையோடு வாங்கிக்கொண்டேன்.

"அத்தனையும் இன்னாம்மா பண்ணப்போற?" என்று கேட்டாள்.

"மத்தியானம் படம் இருக்குது" என்றேன். மல்லாட்டைக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்தச் சம்பந்தத்தை உண்டாக்கியவள் நீ. வறுத்த மல்லாட்டையின் ஓடு படபடவென்று உடையும், படத்தில் யாராவது மெதுவாகப் பேசினால் கேட்காது. வேகவைத்தது சத்தமில்லாமல் பிரியும் என்று சொல்லி, நாம் படம் போடும் கொடோன் வாசலில் வறுத்த கடலைக்குத் தடை போட்டாய். மேல்சித்தாமூர் சமண நைனார் வீட்டில் பிறந்த என்னைச் சீண்டுவதற்கும் அதே மல்லாட்டைதான் உனக்குக் கிடைத்தது. "மண்ணுக்குள்ள வெளையுறது ஆகாதுன்னு உருளைக்கிழங்கத் தள்ளி வைக்கிற. இது மட்டும் எந்த மரத்துல காச்சுது?" என்பாய். அது கிழங்கில்லை, பருப்பு என்று நான் சட்டம் பேசுவதற்குள் என் மடியிலிருந்தே ஒரு கை அள்ளிக்கொண்டு போய்விடுவாய்.

பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நீ சென்னைக்கு வேலைக்குப் போனாய், நான் கடைவீதியில் மாத்திரை விற்க உட்கார்ந்தேன். உன் அத்தா இறந்த பிறகு நீ திரும்பி வந்தபோது அவர் நடத்திய மல்லாட்டை மண்டி மூடிக் கிடந்தது. கொடோனில் எலிகூட இல்லை. நீ என் கடைக்கு வந்து, தலைவலி மாத்திரை கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டாய்.

"கொடோன் சும்மா கெடக்குது. மாசம் ஒரு படம் போடலாமா? டிக்கெட் வேணாம்."

"யாரு வருவா?"

"நீ வருவ. மொதல்ல ஒருத்தி போதும்."

சென்னையில் வாராவாரம் ஏதோ திரைப்படச் சங்கத்தில் போய் உட்கார்ந்து ஊர் உலகத்துப் படமெல்லாம் பார்த்தவள் நீ. ஆனால் அங்கே பார்த்ததை அப்படியே இங்கே இறக்கி வைக்கவில்லை. அதைத்தான் நான் இன்றைக்கும் எண்ணி எண்ணி வியக்கிறேன். எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம். அதனால் மூன்றாவது ஞாயிறு மத்தியானம் படம் என்று வைத்தாய். படம் பார்க்க வரும் என் அம்மா, ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட வேண்டும். இடைவேளையைக் கதை முடிவு செய்யாது, பள்ளிவாசல் செய்யும். பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டதும் படம் எந்த இடத்தில் இருந்தாலும் நிற்கும். ஒருமுறை கதாநாயகன் கிணற்றில் குதித்த நேரத்தில் பாங்கு வந்துவிட்டது. தொழப் போனவர்கள் திரும்பி வரும்வரை அவன் அந்தரத்திலேயே தொங்கினான். மார்கழியில் பொழுது சீக்கிரம் போய்விடும் என்று குட்டிக் குட்டிப் படங்களாகத் தேடிப் பிடிப்பாய்.

வெளிச்சத்தை மறைக்க, மண்டியில் மிச்சமிருந்த கோணிச் சாக்குகளைப் பிரித்து ஜன்னல்களுக்குத் திரை தைத்தோம். மேற்கு ஜன்னல் சாக்கில் மட்டும் ஒரு ஓட்டை. அதன் வழியாக வரும் வெயில் நேராக என் நாற்காலிக்குத்தான் வரும். தைத்துத் தொலை என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். "அதான் எனக்குக் கடிகாரம். வெளிச்சம் உன் மூஞ்சத் தாண்டி செவுத்துக்குப் போச்சுன்னா உங்கம்மாவ அனுப்பணும்" என்று மறுத்துவிட்டாய்.

ஆரம்ப மாதங்கள் உனக்கு நினைவிருக்கும். ஜனங்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போகும்போது "ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த மாதம் வரவில்லை. நான் மனம் விட்டுப்போய், நிறுத்திவிடலாம் என்றேன். நீ, "நல்லா இருக்குதுன்னு சொன்னா போயிட்டு வரேன்னு அர்த்தம். புடிக்கலன்னு சொல்றவங்கதான் திரும்பி வருவாங்க" என்றாய். அடுத்த ஞாயிறு படம் முடிந்ததும் மைக்கைப் பிடித்து அறிவித்தாய். இந்தப் படத்தை யார் நன்றாகத் திட்டுகிறார்களோ, அவர்கள் சொல்வதுதான் அடுத்த மாதப் படம். யார் திட்டு நன்றாக இருந்தது என்று கைதட்டலை வைத்து முடிவு செய்யலாம்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஆட்டோ ஓட்டும் பழனி எழுந்தார். "தப்பா நெனைக்காதக்கா. ஒருத்தன் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கிறான். அது காயுது. அது காயறவரைக்கும் நாமளும் ஒக்காந்து காயுறோம். இத எங்க வூட்லயே பாத்துக்குவனே." கொடோனே அதிர்ந்து சிரித்தது. நீதான் எல்லோருக்கும் மேல் சிரித்தாய். அடுத்த மாதம் பழனியின் படம். ஆள் பறக்கிறான், லாரி பறக்கிறது. முடிந்ததும் பூ விற்கும் கன்னியம்மா எழுந்து, "இத்தினி பேர அடிச்சியே, ஒருத்தனுக்காவது ஒரு வாய் தண்ணி குடுத்தியாடா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார். அதற்கடுத்த மாதம் கன்னியம்மாவின் படம்.

படத்தைத் தேர்ந்தெடுத்தவர் திரைக்குப் பக்கத்தில், கூட்டத்தைப் பார்த்தபடி உட்கார வேண்டும் என்பதும் உன் ஏற்பாடு. தன் படத்துக்கு ஊர் எங்கே சிரிக்கிறது, எங்கே கொட்டாவி விடுகிறது என்று அவர் பார்க்க வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த யாரும் பழைய ஆளாக எழுந்ததில்லை. பழனி ஒருநாள் கடைக்கு வந்து, "கடைவீதில ஒருத்தரும் என் மூஞ்சியப் பாத்துப் பேசுனதில்ல. இப்ப நிறுத்தி சண்டைக்கு வராங்க" என்று பெருமையாகச் சொன்னார். மரியாதை என்பது இப்படியும் வரும் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருந்தது. நீ மட்டும் எந்தப் படத்தையும் திட்டியதே இல்லை. எல்லோர் திட்டையும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாய்.

பிறகு அந்த நோய் வந்தது. என் கடை மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னாய். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக மாதங்கள் போயின. அத்தனை மாதமும் கொடோன் பூட்டிக் கிடந்தது. ஒரு மூன்றாவது ஞாயிறு, முடியெல்லாம் கொட்டிய தலையில் முக்காட்டை இறுக்கிக்கொண்டு வந்து நீயே படம் போட்டாய். மகனைத் தேடி ஊர் ஊராகப் போகும் ஒரு தாயின் கதை. முடிந்ததும் வழக்கம்போல், "ம், ஆரம்பிங்க" என்றாய்.

"அருமையான படம்" என்றார் ஒருவர். "மனசத் தொட்டுடுச்சிக்கா" என்றார் பழனி. கன்னியம்மா, "ஒரு கொறையும் இல்ல பாயம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோருக்கும் உன் மேல் அவ்வளவு பிரியம். அந்தப் பிரியம்தான் உனக்குக் கோபத்தைக் கிளப்பியது. உன் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

"இன்னா ஆச்சு உங்களுக்கெல்லாம்? நான் செத்தா போயிட்டேன்? ஒருத்தரும் திட்டலன்னா அடுத்த மாசம் யாரு படம்?"

"இந்த நேரத்துல எப்படிக்கா..." என்று இழுத்தார் பழனி.

"இந்த நேரத்துலதான் வேணும்."

நான் எழுந்தேன். அந்தப் படத்தில் நான் அழுதிருந்தேன். இருந்தாலும் அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "ஊரெல்லாம் தேடறாளே, ஒரு தடவையாவது வூட்டுக்குத் திரும்பிப் போயி, அவன் வந்துட்டானான்னு பாத்தாளா? இன்னா தாயி இவ?" நீ என்னை உற்றுப் பார்த்தாய். "பொய்யாத் திட்டுற நைனாரம்மா. மூக்கு செவந்து கெடக்குது" என்றாய். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, "பொய்யா இருந்தாலும் சத்தமா இருந்துச்சு. அடுத்த மாசம் இவளுது" என்று அறிவித்தாய். உனக்கு இன்னொரு மாதத்தை வாங்கிக் கொடுத்துவிட்டதுபோல் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த மாதம் நான் போட்டது ஒரு சிரிப்புப் படம். உன்னைச் சாய்வு நாற்காலியோடு தூக்கி வந்து உட்கார வைத்தார்கள். முடிந்ததும், முதல் தடவையாக நீ கையைத் தூக்கினாய். குரல் எழும்பவில்லை. "சிரிக்கவைக்கணும்னு படத்த எடுத்துட்டு, ஆளுக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சி முடிச்சிட்டான். கல்யாணம் பண்ணா சிரிப்பு முடிஞ்சிடும்னு அவனுக்கே தெரிஞ்சிருக்குது." தட்டிய கைகள் ஓய வெகுநேரம் ஆனது. "அடுத்த மாசம் என்னுது" என்றாய். எந்தப் படம் என்று கேட்டேன். "சொல்ல மாட்டேன். வந்து பாரு."

அடுத்த மூன்றாவது ஞாயிற்றுக்குள் நீ போய்விட்டாய்.

உன் கணினி நிறையப் படங்கள் இருந்தன. எது என்று நீ யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சென்னையிலிருந்து வந்திருந்த உன் தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அக்கா இல்ல. இனிமே இது நடக்குமா? நடக்காதுன்னா சொல்லிடுங்க, வாடகைக்குக் கேக்கறாங்க." அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனால் நீ சொல்லாத படத்தை உன் பெயரில் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. படம் இல்லை என்றால் திட்டு இல்லை. திட்டு இல்லை என்றால் அடுத்த மாதம் இல்லை. நீ கட்டியது உன் சட்டத்தாலேயே நின்றுபோகிற நிலைமை.

ஆனாலும் அந்த ஞாயிறு எல்லோரும் வந்தார்கள். வெள்ளைத் துணியைக் கட்டினோம். உன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில், கூட்டத்தைப் பார்த்தபடி போட்டோம். புரொஜெக்டர் வெறும் வெளிச்சத்தை அடித்துக்கொண்டிருந்தது. பாங்கு கேட்டது, தொழப் போனவர்கள் போய்விட்டு வந்தார்கள், மறுபடியும் வெறும் துணியைப் பார்த்து உட்கார்ந்தோம். தம்பி கதவோரம் நின்றிருந்தான். அவனிடம் சாவியைக் கொடுத்துவிடலாம் என்று நான் எழுந்தபோது, கன்னியம்மா எனக்கு முன்னால் எழுந்துவிட்டார். உன் காலி நாற்காலிக்கு நேராக நின்று கையை நீட்டினார்.

"இன்னா பொம்பள நீ? அடுத்த மாசம் என்னுதுன்னு எல்லாரயும் வரச் சொல்லிட்டு, வெறுந்துணியக் காட்டிட்டுப் போயிட்டியே! பூவ வித்துப்புட்டு ஓடியாந்தன்டீ நானு. பாதிப் படத்துல ஏந்து போறவங்கள எத்தினி தபா புடிச்சி ஒக்கார வச்சிருப்ப? நீ மட்டும் பாதியில போலாமா? எவ்ளோ மோசமான படத்தப் போட்டாலும் பொறுத்துக்குனு இருந்தமே, இத எப்படிடீ பொறுத்துக்கறது?"

சொல்லி முடிக்கும்போது அவர் அழுதுகொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும்தான். எங்கிருந்தோ பழனி கை தட்டத் தொடங்கினார். அப்புறம் இன்னொருவர். பிறகு கொடோன் முழுக்க. நீ கேட்டிருந்தால் எப்படிச் சிரித்திருப்பாய்! கொடோன் பார்த்ததிலேயே பெரிய திட்டு அதுதான். பழனி மைக்கை எடுத்து, "அடுத்த மாசம் கன்னியம்மாவோடது" என்றார். உன் தம்பி என் பக்கத்தில் வந்து, "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா" என்று மட்டும் சொன்னான்.

அதற்குப் பிறகு ஒரு மாதமும் நிற்கவில்லை. இன்றைக்குப் பழனியின் படம். லாரி பறக்குமா, பெயிண்ட் காயுமா தெரியாது. இப்போதெல்லாம் அவருக்கு இரண்டுமே பிடிக்கிறது. சாவிக்கொத்து என் இடுப்பில் இருக்கிறது. கோணி ஊசியும் நூலும் கடை மேசை இழுப்பறையில் இருக்கின்றன. மேற்கு ஜன்னலை நான் இன்னும் தைக்கவில்லை. அம்மாவை அனுப்ப வேண்டிய நேரத்தை அந்த வெளிச்சம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

எழுதியதைத் திருப்பிப் படித்துப் பார்க்கிறேன். உன்னைப் புகழ்ந்து தள்ளியிருக்கிறேன். நல்லா இருந்துச்சு என்று சொன்னால் போயிட்டு வரேன் என்று அர்த்தம் என்றவள் நீ. இப்படியே முடித்தால் உன்னிடம் விடைபெற்றுக்கொண்டதாக ஆகிவிடும். அது என்னால் முடியாது.

ஆகவே கேட்டுக்கொள். ஒரு ஜன்னல் சாக்க ஒழுங்காத் தைக்கத் தெரியாதவளுக்கு சினிமாக் கொட்டாய் எதுக்குடீ? எத்தினி வருசமா அந்த வெயிலு என் கண்ணுலயே வுழுது. இன்னிக்கும் வுழும். கண்ணு கலங்கி நிக்கறவள, படத்தப் பாத்து அழுவறான்னு பழனி நெனச்சிக்கும். எல்லாம் உன்னாலதான்.

திட்டிவிட்டேன். அடுத்த மாதம் என்னுடையது.